ஜப்பான் தீவில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாமா?

கேள்வி:
ஜப்பானின் ஜெட் திட்டத்தில் உதவி ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். விருப்பமான இடங்கள் மூன்று குறிப்பிடலாம் என்கிறார்கள். எனக்கு ஏதாவது ஒரு தீவில் இருக்க ஆசை. ஏற்கெனவே போய்வந்த ஒருவர், "அது சம்பளத்தோடு விடுமுறை. நீ யாருக்கும் ஆங்கிலம் சொல்லித்தரப் போவதில்லை. வகுப்பில் ஒரு வெளிநாட்டு முகம் வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டார். அப்படியா? தீவில் இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

6 அக்டோபர் 2024

நான் இருந்தேன். 2016 ஆகஸ்ட் தொடங்கி 2019 ஆகஸ்ட் வரை மூன்று ஆண்டு. ஷிமானே மாகாணத்தின் ஓகி தீவுகளில், தோசென் என்று சொல்லும் மூன்று சின்னத் தீவுகளில் ஒன்று. எந்தத் தீவு என்று எழுதமாட்டேன். ஊர் அவ்வளவு சிறியது, யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் வேலையைப் பற்றி. திட்டம் 1987-இல் தொடங்கியது. பட்டப்படிப்பு வேண்டும், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டு. நான் இருந்தபோது சம்பளம் முதலாண்டு 33,60,000 யென், இரண்டாமாண்டு 36 லட்சம், மூன்றாமாண்டு 39 லட்சம். தீவில் செலவழிக்க இடம் குறைவு, அதனால் கையில் கொஞ்சம் நின்றது. இடம் கேட்கலாம், கேட்ட இடம் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. நான் கேட்டது கியோத்தோ. ஓகி என்ற பெயரையே கடிதம் வந்த அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"வெளிநாட்டு முகம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. முதல் ஆண்டில் நானும் அப்படி நினைத்து அழுதிருக்கிறேன். வகுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. நான் பாடத்தை வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், மணி அடிக்கும். நீங்கள் ஆங்கிலம் சொல்லித்தரத்தான் போகிறீர்கள் என்றால் ஏமாற்றம் உண்டு. ஆனால் விடுமுறை என்பது சரியில்லை. அதற்கு மீன் கதையிலிருந்து தொடங்க வேண்டும், நாளை எழுதுகிறேன்.

7 அக்டோபர் 2024

போய்ச் சேர்ந்த ஐந்தாவது நாள். பள்ளிக்குப் போய்விட்டு மாலை வீட்டுக்கு வந்தால் கதவுப் பிடியில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், தலை வால் செதிலோடு. சீட்டு எதுவும் இல்லை. எனக்கு முழு மீனை வெட்டத் தெரியாது, சிங்கப்பூர் ஈரச்சந்தையில் வெட்டியே தருவார்கள். வீடு மாறி வைத்துவிட்டார்கள் போல, உரியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். ஆகஸ்ட் வெயில். மறுநாள் நாற்றம் தாங்கவில்லை, குப்பையில் போட்டேன்.

அங்கே குப்பைப் பை உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியானது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டார். அவர் மகன் பிடித்த மீன் அது. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை காலையில் இன்னொரு மீனையும் தன் கத்தியையும் எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கே வந்துவிட்டார். மூன்று துண்டாகப் பிரிக்கும் முறை: இந்தப் பக்கச் சதை ஒன்று, அந்தப் பக்கச் சதை ஒன்று, நடுமுள் ஒன்று. நடுமுள்ளைத் தூக்கிப் போடக்கூடாது, சூப்புக்கு. பேச எனக்கு மொழி இல்லை. அவர் கையைப் பார்த்து நான் செய்தேன். என் கை தப்பான இடத்துக்குப் போனால் புறங்கையில் லேசாகத் தட்டுவார்.

அப்புறம் நான் செய்த தவறு இன்னொன்று. மீனுக்குப் பதிலாக அடுத்த நாளே சாக்லேட் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலையில் வெள்ளரிக்காய் வந்தது. நான் பிஸ்கட் கொடுத்தேன். உருளைக்கிழங்கு வந்தது. இரண்டு வாரம் இப்படியே போனது, எனக்கு மூச்சு வாங்கியது. பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுக்காதே. கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிறவள் மாதிரி இருக்கிறது."

நான் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். யாரிடமும் எதுவும் பட்டுக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருந்தேன். தீவில் கடன்பட்டிருக்கத் தெரிய வேண்டும். மீன் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், சாப்பிட்டேன் என்று பார்க்கும்போது சொல்ல வேண்டும், எப்போதோ ஒருநாள் வேறொன்று கொடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. ஜப்பானிய எழுத்தைக் கற்றதைவிட இது கடினமாக இருந்தது, உண்மையாகவே.

7 அக்டோபர் 2024, இரவு

சைவம் பற்றிக் கேட்டவருக்கு: கஷ்டம். மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும், காய்கறி அவித்தாலும் அதே சாற்றில்தான். பள்ளி மதிய உணவு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுவார். வீட்டிலிருந்து கொண்டுவர முன்கூட்டியே கேட்டால் விடுவார்கள். ஆனால் மீன் சாப்பிடாதவர் மீன்பிடி ஊரில் ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, யோசித்துவிட்டுப் போங்கள்.

12 அக்டோபர் 2024

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பணிக்கு எந்த ஆண்டு ஆள் எடுக்கிறார்கள் என்பதை டில்லியில் உள்ள ஜப்பான் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும், நான் சிங்கப்பூர் வழியாகப் போனவள். தனியார் நிறுவனங்கள் வழியாகவும் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த வழியில் விசாவுக்கு, ஆங்கில வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்ததற்குச் சான்று கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

19 அக்டோபர் 2024

இன்று கப்பல்.

ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவிலிருந்து ஓகிக்கு கார் ஏற்றும் கப்பல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வேகப்படகும் உண்டு, ஆனால் நடுக்குளிர்காலத்தில் அது ஓடாது. ஜப்பான் கடலில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடமேற்குக் காற்று அடிக்கும். அலை உயர்ந்தால் பெரிய கப்பலும் நிற்கும். அதற்கு ஒரு சொல் உண்டு: கெக்கோ. காலையில் ஊர் ஒலிபெருக்கியில் அந்தச் சொல் வந்தால், அன்றைக்குப் பால் இல்லை, ரொட்டி இல்லை, நாளிதழ் இல்லை, தபால் இல்லை. இரண்டாம் நாள் கடை அலமாரி வெறுமையாகத் தெரியும். ஊர்க்காரர்கள் பதறமாட்டார்கள். அரிசி இருக்கிறது, உப்பில் போட்ட காய் இருக்கிறது, உறைபெட்டியில் மீன் இருக்கிறது. பதறியது நான் ஒருத்திதான்.

2018 ஜனவரியில் சிங்கப்பூரில் என் ஆத்தா இறந்துபோனார். அப்பாவின் அம்மா, என்னை வளர்த்தவர். செய்தி வந்தபோது கெக்கோ முதல் நாள். விமான நிலையம் இருப்பது தோகோ என்ற பெரிய தீவில், அங்கே போகவும் கடல் கடக்க வேண்டும். மூன்று நாள் நான் துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போக நினைக்கிறவர்களிடம் இதை மறைத்து எழுதக்கூடாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். நான் பேசவில்லை.

20 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. அந்த மூன்று நாளும் என் வீட்டில் நான் சமைக்கவில்லை. யார் யார் கொண்டுவந்தார்கள் என்று கூடத் தெரியாது. ஒருவர் சோற்று உருண்டை வைத்துவிட்டுப் போவார், ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பில் எண்ணெய் நிரப்பிவிட்டுப் போவார். பாட்டி தன் வீட்டுச் சாமி மாடத்திலிருந்து ஊதுவத்தி எடுத்துவந்து கொடுத்தார். ஆத்தாவின் படம் என்னிடம் தொலைபேசியில்தான் இருந்தது. அதை மேசையில் நிறுத்தி வைத்து, முன்னால் ஊதுவத்தி ஏற்றினோம். பாட்டி கைகூப்பி, ஆத்தாவிடம் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது.

2 நவம்பர் 2024

"ஜப்பானிய மொழி தமிழ் மாதிரியாமே" என்று கேட்டவருக்கு. சுசுமு ஓனோ என்ற மொழியியலாளர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் படிப்பு கிடையாது. ஆனால் வாக்கியம் அமைக்கும் வரிசை நமக்குப் பழக்கமானது, அது நிச்சயம். "நான் நேற்று கடையில் மீன் வாங்கினேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்தால் ஜப்பானிய வாக்கியம் வந்துவிடும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், வினை கடைசியில் வரும். என்னோடு மாகாணத் தலைநகர் மட்சுவேயில் பயிற்சிக்கு வந்த ஆங்கிலேய நண்பர் இதற்கே ஓராண்டு போராடினார். எனக்குப் போராட்டம் எழுத்தில் மட்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த ஒன்று. தோசென் தீவுகளில் அமா என்ற ஊருக்கு ஒரு வாசகம் உண்டு, 2011-இல் ஊரே அறிவித்தது: "நை மோனோ வ நை." துறைமுகத்தில் பெரிதாக ஒட்டியிருக்கும். முதலில் படித்தபோது என் காதில் நாய் நாய் என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். நை என்றால் இல்லை. இதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வாக்கியம் வேண்டும், ஏனென்றால் அதற்கு இரண்டு பொருள். இங்கே இல்லாதது இல்லைதான், கேட்காதே என்பது ஒன்று. வேண்டியது எல்லாம் இருக்கிறது, இல்லை என்று எதுவும் இல்லை என்பது இன்னொன்று. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "இல்லாதது இல்லை." இரண்டும் தானாக வந்துவிடுகிறது. அந்தத் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றுகொண்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அம்மா, "நம்ம ஊர்ப் பழமொழி மாதிரியே இருக்கே" என்றார்.

2 நவம்பர் 2024

பூரான் உண்டு. கையளவு நீளம். படுக்கையை உதறிவிட்டுப் படுங்கள்.

16 நவம்பர் 2024

"இதெல்லாம் இப்போது வந்த மோகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மோகம் பழையது. எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1890-இல் மட்சுவேக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர். பிறந்தது கிரேக்கத்தின் லெஃப்கடா தீவில், 1850-இல். மட்சுவேயின் குளிர் தாங்காமல் அடுத்த ஆண்டே தெற்கே குமமோத்தோவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். ஆனால் 1892 கோடையில் மனைவி செட்சுவோடு திரும்ப வந்து ஓகியைச் சுற்றினார். ஹிஷிஉரா துறை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது, அங்கே இன்றும் அவர்கள் இருவருக்கும் சிலை இருக்கிறது. பின்னால் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யகுமோ ஆனார், 1904-இல் தோக்கியோவில் இறந்தார்.

குளிரில் நொந்துபோன நாட்களில் நான் அந்தச் சிலையருகே போய் உட்காருவேன். அவராலும் முடியவில்லை, ஆனாலும் திரும்பி வந்தார் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். ஒரு அறையை மட்டும் சூடாக்குவார்கள். கழிப்பறைக்குப் போக மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும்.

அவருக்கும் ஆறரை நூற்றாண்டு முன்னால் இந்தத் தீவுக்கு விருப்பமில்லாமல் வந்தவர்கள் பலர். இது நாடுகடத்தும் இடம். போரில் தோற்ற கோ-தோபா, பதவி விலகிய பேரரசர், 1221-இல் இங்கே அனுப்பப்பட்டார், 1239-இல் இங்கேயே இறந்தார். 1332-இல் வந்த கோ-தைகோ பேரரசர் மட்டும் அடுத்த ஆண்டே தப்பிவிட்டார். தோகோவில் காளைகளை மோதவிடும் விழா உண்டு, கோ-தோபாவின் மனத்தைத் தேற்றத் தொடங்கியது என்று சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்து வாடி நிற்கிறவரைப் பார்த்துப் பழகிய ஊர் அது. எனக்கு அப்படித்தான் பட்டது.

5 டிசம்பர் 2024

ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். தோசென் மூன்று தீவும் ஒரு பழைய எரிமலையின் விளிம்பு. நடுவில் இருக்கும் கடல்தான் எரிமலை வாய். அதனால் உள்கடல் குளம் மாதிரி அமைதி, வெளிக்கடல் முரடு. தீவுக்குத் தீவு சின்னப் படகில் போகலாம். நிஷினோஷிமாவின் மேற்குக் கரையில் மத்தென்காய் என்ற செங்குத்துப் பாறை 257 மீட்டர், கடலிலிருந்து சுவர் மாதிரி எழும். அதன் உச்சியில் புல்வெளி, மாடும் குதிரையும் கட்டாமல் மேயும். சாலையில் மாடு படுத்திருந்தால் எழுந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும், யாரும் ஒலி எழுப்பமாட்டார்கள்.

அதே தீவில் யுராஹிமே கோயில். கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அந்தத் தேவி கடலில் வந்தபோது ஒரு கணவாய் அவள் விரலைக் கடித்துவிட்டதாம், அதற்கு மன்னிப்புக் கேட்க ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் கணவாய்க் கூட்டம் கரைக்கே வருகிறது என்பார்கள். கூடையை வைத்து அள்ளிய காலம் உண்டு என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் இருந்தபோது அப்படி வரவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு குளிர்காலமும் போய்ப் பார்த்தேன்.

அமாவில் கறி வைப்பது சங்கில். சசாயே என்ற கடற்சங்கின் சதை. இறைச்சி எளிதில் கிடைக்காத தீவு, கடலுக்குப் போனால் சங்கு சும்மா கிடைக்கும், அதனால் ஜப்பானியக் கறியில் அதைப் போட்டார்கள். இப்போது பொட்டலத்தில் அடைத்து விற்கிறார்கள். கொஞ்சம் கசப்பு, கடல் வாசனை. எனக்கு முதல் தடவையே பிடித்தது. நான் திருப்பிக் கொடுத்ததும் அப்படித்தான்: அம்மா அனுப்பிய புளியையும் மிளகாய்த் தூளையும் வைத்து அஜி மீனில் குழம்பு. பாட்டி ஒரு கரண்டி குடித்துவிட்டு, காரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, புளிப்பைத்தான் பிடித்துக்கொண்டார். "இது எந்த மரத்துப் பழம்?" என்று கேட்டார். புளியங்கொட்டை ஒன்றை எடுத்துத் தொட்டியில் ஊன்றினார். அது முளைத்தது, முதல் குளிரில் பட்டுப்போனது. அடுத்த வசந்தத்தில் இன்னொன்று ஊன்றினார்.

11 ஜனவரி 2025

முதல் குறிப்பில் நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். "ஆங்கிலம் சொல்லித்தரத்தான் போகிறீர்கள் என்றால் ஏமாற்றம் உண்டு" என்று எழுதியிருந்தேன். மூன்று மாதமாக இந்த இழையில் எழுதிக்கொண்டே இருக்கும்போது, அது முதல் ஆண்டின் மனக்குறை, மூன்றாண்டின் உண்மை இல்லை என்று தெரிகிறது.

நடுநிலைப் பள்ளியில் ஒரு பையன். மீன்பிடிக் குடும்பம். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். இரண்டாமாண்டு பிப்ரவரியில் ஒருநாள் கெக்கோ. வகுப்பு நடத்தும் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர், முதன்மைத் தீவில் மாட்டிக்கொண்டார். நான் மட்டும் வகுப்பில் இருக்கிறேன், ஒப்புக்கு இன்னொரு ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் அன்றைய பாடம் நியூயார்க்கில் வழி கேட்பது. ஜன்னலுக்கு வெளியே அலை தடுப்புச் சுவரைத் தாண்டி விழுகிறது. புத்தகத்தை மூடிவிட்டேன். "கெக்கோவுக்கு ஆங்கிலம் என்ன?" என்று கேட்டேன். எனக்கே ஒற்றைச் சொல் தெரியவில்லை. பிள்ளைகள் அகராதியைப் புரட்டினார்கள். அந்தப் பையன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "நோ போட் டுடே."

அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வகுப்பு முழுக்க ஓடியது. நோ போட் டுடே, நோ மில்க் டுடே, நோ டீச்சர் டுடே, மை ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அன்று என்ன இல்லை என்று சொன்னார்கள். பையன் கடைசியில் கரும்பலகைக்கு வந்து, அப்பாவின் படகை வரைந்து, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் கட்டுவார்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான். பாதி ஆங்கிலம், பாதி கை. எனக்குப் படகு கட்டத் தெரியாது, அவனுக்குத் தெரியும், அதை எனக்குச் சொல்ல அவனுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு நான் பாடத்தைத் தயார்செய்த விதமே மாறிவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது எது என்று தேடுவேன். தீவில் அது நிறைய இருந்தது.

அவன் பிறகு தோசென் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அந்தப் பள்ளிக்கே ஒரு கதை உண்டு. 2008 வாக்கில் மாணவர்கள் தொண்ணூறு பேருக்குக் குறைந்து மூடும் நிலை. மூடினால் பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே தீவை விட்டுப் போக வேண்டும், கூடவே குடும்பமும் போகும். ஊர்கள் சேர்ந்து, நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து மாணவர்கள் தீவுக்கு வந்து தங்கிப் படிக்கும் வழி செய்தார்கள். நான் இருந்த காலத்தில் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு. தோக்கியோவிலிருந்து வந்த பிள்ளைகள் தீவுப் பிள்ளைகளிடம் மீன் வெட்டக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

அதனால் திருத்திச் சொல்கிறேன்: ஆங்கிலம் சொல்லித்தர முடியும். முதல் ஆண்டில் அது தெரியாது.

12 ஜனவரி 2025

ஆமாம், தொடக்கப் பள்ளியிலும் வகுப்பு உண்டு. நான் இருந்தபோது ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் விளையாட்டும் பாட்டுமாக இருந்தது, மதிப்பெண் கிடையாது. 2020 முதல் அவர்களுக்கு அது முறையான பாடம், விளையாட்டு மூன்றாம் நான்காம் வகுப்புக்கு இறங்கிவிட்டது. என்னை முதலில் பார்த்தபோது ஒரு சிறுமி என் கையைத் தடவி நிறம் வருகிறதா என்று பார்த்தாள். கோபம் வரவில்லை. என் கையை அவள் கையோடு சேர்த்து வைத்து, இரண்டு நிறத்துக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பெரியவர் ஒருவர், "ஆங்கில ஆசிரியர் என்றதும் வேறு மாதிரி எதிர்பார்த்தோம்" என்று சொன்னது பல நாள் உறுத்தியது. இரண்டும் நடக்கும், தயாராக இருங்கள்.

30 மார்ச் 2025

மார்ச் முடிகிறது, அதனால் இது ஞாபகம் வருகிறது.

ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வசந்தத்தில். மார்ச் கடைசியில் ஆசிரியர்களும், படிப்பு முடித்த பிள்ளைகளும் அதே கப்பலில் போவார்கள். போகிறவர் மேல்தளத்தில் நின்று வண்ணக் காகித நாடாச் சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், மறுமுனை கரையில் நிற்கிறவர் கையில். கப்பல் நகர நகரச் சுருள் விரிந்துகொண்டே போகும். நூற்றுக்கணக்கான நாடாக்கள், சிவப்பு, மஞ்சள், நீலம். கடைசியில் அறுந்துபோகும். அறுந்த பிறகும் கையில் இருப்பதை விடமாட்டார்கள். நான் மூன்று வசந்தம் கரையில் நின்று பிடித்திருக்கிறேன். மூன்றாவது தடவை, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியின் தாயார் என் பக்கத்தில் நின்றார். அவர் அழவில்லை. நாடா தீரும்போது அதன் அட்டைச் சுருளைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜெட் ஆசிரியர்கள் கிளம்புவது கோடையில், அதனால் எனக்கு அந்தக் கூட்டம் இல்லை. சுற்றுலாப் பயணிகள் நிறைந்த ஆகஸ்ட் கப்பல். என்னிடம் பதினோரு நாடா. ஒன்று பாட்டியுடையது. அவருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். என் கையில் கொடுத்த பையில் காய்ந்த கணவாய் நான்கு, கூடவே ஒரு சீட்டு. மூன்றாண்டில் அவர் கொடுத்த எதிலும் சீட்டு வைத்ததில்லை. "திருப்பித் தர வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அதை நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டு கலங்கினேன். கப்பல் இரண்டு மணி நேரம் போன பிறகுதான் புரிந்தது. கணக்கைத் திறந்தே வைத்திருக்கிறார்.

8 ஏப்ரல் 2025

"எத்தனை ஆண்டு இருக்கலாம்" என்பவருக்கு. இரண்டாண்டுக்குக் குறைய வேண்டாம் என்று முன்பு நண்பர்களிடம் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். ஓராண்டில் உடல்நலம் கெட்டுக் கிளம்பிய ஒருவரை ஊரே அன்போடு அனுப்பிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் போகும்போதே ஓராண்டு என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். அதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வந்து போகிற ஆசிரியர்களைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

14 ஜூன் 2025

கேள்வி கேட்டவருக்கு இடம் வந்துவிட்டது: நாகசாகி மாகாணம், ட்சுஷிமா! கடிதம் வந்ததும் இங்கே வந்து சொன்னதற்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

உடனே வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். உங்கள் தீவு என்னுடையதைப் போல் இல்லை, பெரியது. பரப்பளவில் கிட்டத்தட்ட நம் சிங்கப்பூர். அதில் முப்பதாயிரம் பேருக்கும் குறைவு, மீதியெல்லாம் மலையும் காடும். கொரியாவின் புசான் ஐம்பது கிலோமீட்டர்தான், தெளிவான இரவில் விளக்கு தெரியும். ஜப்பானில் அங்கே மட்டும் வாழும் காட்டுப்பூனை ஒன்று உண்டு. இரவில் மெதுவாக ஓட்டுங்கள், அவை சாலையில் அடிபட்டுச் சாகின்றன.

கார் கட்டாயம் வேண்டும். சர்வதேச உரிமம் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் ஜப்பானிய உரிமத்துக்கு மாற்ற வேண்டும். நமக்குத் தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். நான் பதினோராவது மாதத்தில்தான் தொடங்கினேன், அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம். சம்பளக் கணக்கும் நான் எழுதியது பழையது, 2025-இலிருந்து முதலாண்டுக்கு 40,20,000 யென்.

உங்களுக்கு முன்னால் இருந்தவரின் மின்னஞ்சல் வந்திருக்கும். வீட்டைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் கேட்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் யாரிடம் வாங்குவது என்றும். ரப்பர் காலணி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நல்ல கத்தியும் அங்கேதான் வாங்க வேண்டும். புளி மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கொட்டையோடு கிடைக்கும் புளி.

முதல் மீன் வந்ததும் இங்கே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குளிர்பெட்டியில் வையுங்கள், வாசலில் விட்டுவிடாதீர்கள்.